வேடியப்பன் கையில் இருக்கிற வில்

(பாட்காஸ்ட் அத்தியாயத்தின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் வில், அம்பு பத்திப் பேசப் போறோம். ஒலிம்பிக்ல பார்க்கிற வில் இல்ல. தூரம் காட்டுற கருவி, குறி பார்க்கிற சைட் எதுவும் இல்லாம, காடு மேடு ஏறி இறங்கி விடுற வில். பாப்பாரப்பட்டி பக்கத்துல ஒரு கரட்டுல, மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் செஞ்சு பார்த்தோம். அந்த ஒரு நாள்ல ஒரு பழைய கேள்விக்குப் பதில் மாதிரி ஒண்ணு கிடைச்சது. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

பாப்பாரப்பட்டி எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: தருமபுரி மாவட்டத்துல, தருமபுரியில இருந்து மேற்கே போற வழியில இருக்கிற ஊர். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா ஆசிரமம் வெச்சு வாழ்ந்த ஊர். 1925 ஜூலை 23ல இங்கதான் காலமானார். கொஞ்சம் பிந்தைய செய்தி ஞாபகம் இருக்கிறவங்களுக்கு, 2004 அக்டோபர்ல வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த ஊருக்குப் பக்கத்துலதான். மாந்தோப்பு, புளியமரம், கேழ்வரகு, நடுநடுவுல பாறைக் கரடு. காஞ்ச காடு. மாசியில இலையெல்லாம் உதிர்ந்து தூரத்துல இருக்கிறதும் கண்ணுக்குத் தெரியும்.

வேடியப்பன் யாரு?

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் படிச்சவங்களுக்கு வேடியப்பன்னு ஒரு கிளாஸ்மேட் கண்டிப்பா இருந்திருப்பான். ஊருக்கு ஊர் வேடியப்பன் கோயில் இருக்கும். கோபுரம் இருக்கணும்னு இல்ல. புளியமரத்தடியில, வயக்காட்டு ஓரத்துல, ஏரிக்கரையில நாலு கல்லு சுத்தி நட்டு நடுவுல ஒரு பலகைக்கல் நிக்கும். எண்ணெய் தேய்ச்சு, மஞ்சள் குங்குமம் வெச்சிருப்பாங்க. உத்துப் பார்த்தா அந்தக் கல்லுல ஒரு ஆள் செதுக்கியிருப்பாங்க.

அந்தக் கல்லுல பெரும்பாலானது நடுகல். வீரக்கல்னும் சொல்றோம். சண்டையில செத்துப்போன ஒருத்தருக்காக அவங்க ஊர் மக்கள் நட்ட நினைவுக் கல். நூத்துக்கணக்கான வருஷம் போனதும் செத்தவர் பேர் மறந்துபோச்சு. கல் மட்டும் நின்னுச்சு. கையில வில் இருக்கிற ஆளைப் பார்த்து, இவர் வேடர், நம்ம அப்பன்னு கும்பிட ஆரம்பிச்சிருக்காங்க. வேடியப்பன்.

1970கள்ல தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமி இயக்குநரா இருந்த காலத்துல, செங்கம், தருமபுரி வட்டாரத்து நடுகற்களைத் தேடித் தேடிப் படிச்சாங்க. 1972ல ‘செங்கம் நடுகற்கள்’னு தொகுப்பே வந்தது. பல கற்கள் வட்டெழுத்துல இருக்கு. பல்லவர் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்துக் கல்லெல்லாம் அதுல உண்டு. அதாவது 1400 வருஷத்துக்கு முந்தினது.

அந்தக் கல்வெட்டுகள்ல அடிக்கடி வர்ற ஒரு சொல் ‘தொறு’. தொறுன்னா மாட்டு மந்தை. பக்கத்து ஊர்க்காரன் மந்தையை ஓட்டிட்டுப் போவான், இவங்க போய் மீட்பாங்க. அந்தச் சண்டையில செத்தவருக்குக் கல். இலக்கணத்துல வெட்சி, கரந்தைன்னு படிச்சிருப்போமே, ஆநிரை கவர்தல், ஆநிரை மீட்டல், அது பரீட்சைக்காக எழுதி வெச்ச விஷயம் கிடையாது. இந்த மண்ணுல நடந்தது, கல்லுல இருக்கு.

இந்தக் கற்களை ஒரே இடத்துல பார்க்கணும்னா தருமபுரி டவுன்ல தொல்லியல் துறையோட அகழ்வைப்பகம் இருக்கு. அங்க கல் கல்லா நிறுத்தியிருக்காங்க. வரிசையா நடந்து பார்க்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணுல படும். பல கற்கள்ல வீரனோட ஒரு கையில வில் இருக்கு, இன்னொரு கையில குறுவாள் இருக்கு.

இதுதான் நான் சொன்ன கேள்வி. வில்லை விடணும்னா ரெண்டு கையும் வேணும். ஒரு கை வில்லைப் பிடிக்கணும், இன்னொரு கை நாணை இழுக்கணும். இழுக்கிற கையில கத்தி இருந்தா அம்பு விட முடியாது. அப்புறம் ஏன் ரெண்டையும் சேர்த்துச் செதுக்கினாங்க? அவர்கிட்ட ரெண்டு ஆயுதமும் இருந்ததுன்னு காட்ட அப்படிச் செதுக்கியிருக்கலாம். சிற்ப மரபுன்னு சொல்லிட்டுப் போயிடலாம். நானும் ரொம்ப நாள் அதோட விட்டிருந்தேன்.

ஃபீல்ட் ஆர்ச்சரின்னா என்ன?

டிவியில பார்க்கிறது டார்கெட் ஆர்ச்சரி. சமமான மைதானம், ஒலிம்பிக்னா எப்பவும் 70 மீட்டர், வட்டம் வட்டமா ஒரு பலகை. ஒரே தூரத்துக்கு ஆயிரம் தடவை பழகலாம்.

ஃபீல்ட் ஆர்ச்சரி அப்படி இல்ல. காட்டுக்குள்ள, மலைச்சரிவுல இலக்குகளைப் பிரிச்சுப் பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஒரு இலக்குல அம்பு விட்டுட்டு, எடுத்துக்கிட்டு, அடுத்ததுக்கு நடக்கணும். கோல்ஃப் மாதிரின்னு வெச்சுக்கோங்க. இதுக்கு 1969ல இருந்தே உலகப் போட்டி நடக்குது. வழக்கமா 24 இலக்கு, ஒவ்வொண்ணுக்கும் 3 அம்பு, மொத்தம் 72. ஒரு நாள் ஒவ்வொரு இலக்குக்கும் தூரம் எழுதி வெச்சிருப்பாங்க. இன்னொரு நாள் எழுத மாட்டாங்க. சைட் இல்லாத வில்காரங்களுக்கு அந்த எழுதாத தூரம் 5 மீட்டர்ல இருந்து 45 மீட்டர் வரைக்கும் எதுவா வேணும்னாலும் இருக்கும். தூரம் அளக்கிற கருவி கொண்டுபோகக் கூடாது. கண்ணால பார்த்துத்தான் சொல்லணும்.

நாங்க செஞ்சது இதோட சின்ன வடிவம். ஏழு பேர், 12 இலக்கு, தலைக்கு 36 அம்பு. இடம், ஒரு நண்பரோட மாந்தோப்புக்குப் பின்னாடி இருக்கிற கரடு. பட்டா நிலம். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னு கடைசியில புரியும்.

இலக்குக்குன்னு தனியா எதுவும் வாங்கல. சாக்குல பழைய துணியையும் பிளாஸ்டிக் கவரையும் இறுக்கித் திணிச்சு, முன்னாடி சுண்ணாம்புல ஒரு வட்டம் போட்டாச்சு. ஒவ்வொரு சாக்குக்குப் பின்னாடியும் மண்மேடு இருக்கிற மாதிரி பார்த்து வெச்சோம். மேட்டு உச்சியில எந்த இலக்கும் கிடையாது. தவறின அம்பு அந்தப் பக்கம் எங்க போய் விழும்னு தெரியாது.

வில்லு, கல் மூங்கில்ல நண்பர் செஞ்சது. உள்ள ஓட்டை இல்லாத கெட்டி மூங்கில். முழுசா இழுத்தா சுமார் 16 கிலோ தூக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அம்புத் தண்டும் மெல்லிசு மூங்கில்தான், பின்னாடி வான்கோழி இறகு. இறகுக்கு ரோஸ் கலர் சாயம். காஞ்ச புல்லுல விழுந்த அம்பைத் தேட அந்தக் கலர் இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் தேட வேண்டியதுதான்.

கணக்கு கொஞ்சம் பார்ப்போம்

இங்க ரெண்டு நிமிஷம் கணக்கு. பயப்பட வேண்டாம், பிளஸ் ஒன் பிசிக்ஸ்தான்.

இந்த மாதிரி வில்லுல இருந்து அம்பு நொடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்துல கிளம்பும். மணிக்கு 162 கிலோமீட்டர். கேட்க வேகமாத்தான் இருக்கு. ஆனா அம்பு கிளம்பின நொடியில இருந்து விழுந்துக்கிட்டேதான் போகும். 20 மீட்டர் போறதுக்கு அரை நொடிக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்குள்ள கிட்டத்தட்ட 1 மீட்டர் கீழ இறங்கியிருக்கும். 40 மீட்டர்ல? இரண்டு மடங்கு தூரம், ஆனா இறக்கம் நாலு மடங்கு, 3.9 மீட்டர்.

அதனால நாம மேல தூக்கி விடுறோம். எவ்வளவு தூக்கணும்ங்கிறது தூரத்தைப் பொறுத்தது. தூரத்தைத் தப்பாக் கணிச்சா என்ன ஆகும்?

இலக்கு உண்மையில 15 மீட்டர்ல இருக்கு, நீங்க 10னு நினைச்சு விட்டீங்கன்னா, அம்பு 18 சென்டிமீட்டர் கீழ போகும். சாக்குலயாவது படும்.

25ல இருக்கு, 20னு நினைச்சீங்க, 30 சென்டிமீட்டர் கீழ. சாக்கோட விளிம்பு.

45ல இருக்கு, 40னு நினைச்சீங்க, 55 சென்டிமீட்டர் கீழ. சாக்கே இல்ல, மண்ணுதான்.

மூணுலயும் நீங்க செஞ்ச தப்பு அதே 5 மீட்டர்தான். கை ஆடல, மூச்சு சரியா இருந்தது, நாணை விட்டது சரி. எல்லாம் சரியா செஞ்சும் அம்பு படல. கண் சொன்ன தூரம் தப்பு, அவ்வளவுதான். காத்தோட தடையை இந்தக் கணக்குல சேர்க்கல. சேர்த்தா இன்னும் மோசம்.

சரிவு வேற இருக்கு. புவியீர்ப்பு நேர் கீழதான் இழுக்கும், அதனால அம்புக்குப் படுக்கைவாட்டுத் தூரம்தான் கணக்கு. 30 டிகிரி சரிவுல, கண்ணுக்கு 30 மீட்டர் தெரியுற இலக்கு அம்புக்கு 26 மீட்டர் மாதிரி. மேல விட்டாலும் சரி, கீழ விட்டாலும் சரி, தெரியுற தூரத்துக்கு விட்டா இலக்குக்கு மேலயே பறந்து போயிடும்.

இதெல்லாம் பேப்பர்ல போடுறப்ப ஜோரா இருக்கு. வில்லைக் கையில எடுத்து நிக்கும்போது, ‘தூரம்’னு ஒரு எண்ணை யாராவது கொடுத்தாத்தான் இந்தக் கணக்கு ஓடும். அந்த எண்ணை யார் கொடுக்கிறது?

ஏழாவது இலக்கு

காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சோம். முதல் ஆறு இலக்கும் கிட்டக்க, 10ல இருந்து 20 மீட்டருக்குள்ள. எல்லாருக்கும் சந்தோஷம். ஒவ்வொரு இலக்குலயும் விடுறதுக்கு முன்னாடி ஆளாளுக்கு தூரத்தை மனசுல நினைச்சு நோட்டுல எழுதிடணும், அம்பெல்லாம் விட்ட பிறகு டேப்பு பிடிச்சு அளப்போம். ஒண்ணு ரெண்டு மீட்டர் வித்தியாசத்துல எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க.

ஏழாவது, ஒரு சின்ன ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடையில தண்ணி இல்ல, வெறும் மணலும் பாறையும். சாக்கு எதிர்க்கரையில, ஒரு வேப்பமரத்து நிழல்ல. நோட்டுல எழுதினது: 25, 28, 30, 30, 27, 31, 30. கிட்டத்தட்ட ஒருமனதா 30னு வெச்சுக்கலாம். முதல்ல விட்ட ரெண்டு பேரோட ஆறு அம்பும் சாக்குக்குக் கீழ கரை மண்ணுல குத்திட்டு நின்னுச்சு. ஆறும் பக்கத்துல பக்கத்துல. விட்டது அவ்வளவு சுத்தமா இருந்தது. இலக்குலதான் ஒண்ணும் இல்ல.

மூணாவது ஆள் வில்லை எடுக்கும்போது விசில் சத்தம். கீழ காவலுக்கு நின்னவர் ஊதினார். ஆடு மேய்ச்சுக்கிட்டு ஒரு பெரியவர் வர்றார். எல்லாரும் வில்லைக் கீழ வெச்சோம். எங்க விதி அதுதான், ஆளோ ஆடோ கண்ணுல பட்டா நாண்ல அம்பு இருக்கக் கூடாது.

“என்ன தம்பி, எதை அடிக்கிறீங்க?”

சாக்கைக் காட்டினோம். சிரிச்சார். “சாக்கு என்ன தம்பி பண்ணுச்சு உங்களை?”

எங்ககூட வந்த அக்கா கேட்டாங்க, “ஐயா, இங்கிருந்து அது எவ்வளவு தூரம் இருக்கும்?”

அவர் கண்ணைச் சுருக்கிக்கூடப் பார்க்கல. “நாப்பத்தஞ்சு தப்படி இருக்கும் கண்ணு. கூடக் கொறைய ஒண்ணு ரெண்டு.”

டேப்பு பிடிச்சோம். 37 மீட்டர். அவர் தப்படியை நடக்கவெச்சு அளந்தா 80 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. 45 தப்படின்னா 37 மீட்டர். சரியா அடிச்சிருந்தார், வில்லைத் தொடாமலே.

30னு நினைச்சு 37க்கு விட்டா எவ்வளவு கீழ போகும்? அதே கணக்குதான், 60 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. மண்ணுல நின்ன ஆறு அம்பும் அங்கதான் நின்னுச்சு.

எல்லாரும் ஏன் 30னு எழுதினோம்? நடுவுல இருக்கிற பள்ளம். பள்ளத்துக்குள்ள இருக்கிற தரை கண்ணுக்குத் தெரியாது, இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒட்டினாப்ல இருக்கும். அதனால தூரம் சுருங்கித் தெரியும். ஃபீல்ட் ஆர்ச்சரி போட்டியில இலக்கு வைக்கிறவங்க வேணும்னே இப்படிப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வைப்பாங்க.

ஐயாவுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது? கேட்டோம். அவருக்கு அது ஒரு கேள்வியாவே படல.

“ஆடு அந்தாண்ட போச்சுன்னா, அடுத்தவன் கொல்லையில வாய் வெக்கறதுக்குள்ள நான் போய் மறிக்கணும் இல்ல தம்பி? இங்கிருந்து எத்தனை எட்டுல போவேன்னு தெரியாம ஆடு மேய்க்க முடியுமா?”

அவருக்குத் தூரம்ங்கிறது தன்னோட காலும் ஆட்டோட காலும் போடுற பந்தயம். தினமும் அந்த ஓடையை அவர் தாண்டுறார். பள்ளம் அவர் கண்ணை ஏமாத்தாது, ஏன்னா அந்தப் பள்ளத்துல இறங்கி ஏறின கால் அவருது.

நம்ம பேச்சுலயே தூரத்துக்கு இப்படித்தான் சொல்லு இருக்கு. கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், கண்ணுக்கெட்டின தூரம். மீட்டர் இல்ல, மைல் இல்ல. உடம்பு செய்யுற ஒரு வேலைதான் அளவு.

போறதுக்கு முன்னாடி வில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விடுறீங்களான்னு கேட்டோம். “எனக்கு உண்டிவில்லு போதும்” அப்படின்னுட்டார். திருப்பிக் கொடுக்கும்போது ஒண்ணு சொன்னார்: “எங்க வேடியப்பன் கையிலயும் இதான் வெச்சிருக்கு.”

பாட்டுல இருக்கிற வில், கல்லுல இருக்கிற வில்

தமிழ்ல வில்லுன்னா உடனே ஞாபகத்துக்கு வர்றவர் வல்வில் ஓரி. கொல்லிமலைத் தலைவர். புறநானூறு 152ல வன்பரணர் பாடியிருக்கார். ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, கடைசியா புத்துல இருந்த உடும்புன்னு அஞ்சையும் தாண்டி நின்னதாகப் பாட்டு. இன்னைக்கும் ஆடி மாசம் கொல்லிமலையில வல்வில் ஓரி விழா நடக்குது, அதுல வில்வித்தைப் போட்டியும் வைக்கிறாங்க. வாட்சப்ல வர்ற ‘ஆதித்தமிழன் வில்வித்தை’ ஃபார்வர்டு எல்லாத்துக்கும் இந்தப் பாட்டுதான் மூலம்.

அது புலவர் ஒரு வள்ளலைப் புகழ்ந்து பாடுற பாட்டு. அதை அப்படியே ரசிக்கணும். அதை வெச்சு வில்லோட வேலையைப் புரிஞ்சுக்கப் போனா மட்டும்தான் சிக்கல்.

எங்க அம்போட எடை சுமார் 30 கிராம். நொடிக்கு 45 மீட்டர்னா அதோட ஆற்றல் 30 ஜூல். ஒரு கிரிக்கெட் பந்தை மணிக்கு 72 கிலோமீட்டர்ல போட்டா அதே ஆற்றல். அது ஸ்பின்னர் போடுற வேகம். போர்வில் இதைவிட வலுவாத்தான் இருந்திருக்கும், ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னே வெச்சுக்கலாம். அப்பவும் அம்பு இடிச்சுச் சாய்க்கிற ஆயுதம் இல்ல. கூரான முனையால அறுத்துக்கிட்டு உள்ள போற ஆயுதம். அதனால எங்க படுதுங்கிறதுதான் எல்லாம். எங்க படும்ங்கிறது தூரத்தைச் சரியாச் சொல்றதுல இருக்கு. தூரம் கூடக் கூட, சின்னத் தப்பும் பெருசாகும். எதிர்ல இருக்கிறது சாக்கு இல்ல, மாட்டை ஓட்டிக்கிட்டு ஓடுற ஆள். நின்னுக்கிட்டும் இருக்க மாட்டான்.

இந்த மாதிரி புதர்க் காட்டுல, கரடும் ஓடையுமா இருக்கிற நிலத்துல, வில் ஒரு கிட்டத்து ஆயுதம். 20 மீட்டர், 25 மீட்டர். அந்தத் தூரத்துல ஓடி வர்ற ஒருத்தன் உங்களைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? நாலு நொடி. அதுக்குள்ள ஒரு அம்பு விடலாம், கை பழகினவங்க ரெண்டு விடலாம். மூணாவது அம்பை எடுக்க நேரம் இருக்காது. கத்தியைத்தான் எடுக்கணும்.

இப்ப அந்தக் கல்லைத் திரும்ப நினைச்சுப் பாருங்க. ஒரு கையில வில், ஒரு கையில குறுவாள்.

நான் தொல்லியல் படிச்சவன் இல்ல, இது என்னோட வாசிப்பு. அந்தச் சிற்பி தெரிஞ்சேதான் செதுக்கியிருக்கார்னு எனக்குத் தோணுது. அம்பு விடுற நேரம் முடிஞ்சுபோச்சு. வில் இன்னும் கையை விட்டுப் போகல, கத்தி வந்தாச்சு. எதிரி கைக்கெட்டுற தூரத்துல இருக்கான். அந்த ஆள் ஓடிப் போயிருக்கலாம், ஓடல. சில கற்கள்ல வீரனோட உடம்புல அம்பு தைச்சிருக்கிறதையும் செதுக்கியிருக்காங்க. அவன் விட்ட அம்பு யாரைத் தொட்டதுன்னு கல் சொல்லாது. அவன் மேல பட்ட அம்பைச் சொல்லும்.

இவங்கள்ல பல பேர் ராஜா கிடையாது, தளபதி கிடையாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல ஒரு கல், மகேந்திரவர்மன் காலத்துது. எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்த ஒருத்தருக்கு நட்டது. அவரோட நாய் பேரும் அதுல இருக்கு, கோவிவன். ரெண்டு திருடனைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னு எழுதி, நாயையும் செதுக்கி வெச்சிருக்காங்க. அந்த ஊர் மக்களுக்கு முக்கியமா பட்டது ஆள் எத்தனை பேரைக் கொன்னார்ங்கிறது இல்ல. மந்தைகூட நின்னார், நாயும் நின்னுச்சு.

ஏழாவது இலக்குல ஐயா சொன்ன பதிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நினைக்கிறேன். மந்தையோட நடக்கிறவருக்கு எந்த ஓடை எத்தனை தப்படின்னு காலுக்கே தெரியும். வில் கையில இருக்கோ இல்லையோ, வில்வித்தையில பாதி அவர்கிட்ட ஏற்கெனவே இருக்கு. மாட்டை ஓட்டிட்டுப் போக வந்தவனைவிட இவருக்கு இந்த நிலம் நல்லாத் தெரியும். தொறு மீட்கப் போனவங்களோட பலத்துல அதுவும் ஒண்ணா இருந்திருக்கணும்.

காட்டுக்குள்ள போகலாமா?

இந்த எபிசோடு கேட்டுட்டு யாராவது ஒரு மூங்கில் வில்லைத் தூக்கிக்கிட்டு ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள போயிடுவீங்களோன்னு ஒரு பயம் இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி காடு இப்ப ரொம்ப முக்கியமான யானைக் காடு. 2014ல காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் வந்தது. 2022ல காவிரி தெற்கு சரணாலயத்தையும் அறிவிச்சாங்க, அது மட்டும் 686 சதுர கிலோமீட்டர். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையுறதே குற்றம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல ‘வேட்டை’ங்கிற சொல்லுக்குள்ள கொல்றது மட்டும் இல்ல, காயப்படுத்துறது, பிடிக்கிறது, அதுக்கு முயற்சி பண்றது எல்லாமே வருது. ஒரு முயல் மேல விட்ட அம்பு படலைன்னாலும் அது வேட்டைதான். வில், வண்டி எல்லாம் பறிமுதல் ஆகும். “எங்க தாத்தா காலத்துல...”ன்னு ஆரம்பிக்கிற வாதம் எதுவும் அங்க செல்லாது. செல்லவும் கூடாதுன்னுதான் நான் சொல்வேன். அந்தக் காட்டுல மிச்சம் இருக்கிறதே கொஞ்சம்.

சட்டத்தை விடுங்க, கணக்கே போதும். 45 டிகிரியில தூக்கி விட்டா, காத்துத் தடை இல்லாத கணக்குல எங்க அம்பு 200 மீட்டருக்கு மேல போகும். நிஜத்துல 150னு வெச்சாலும், அந்த 150 மீட்டருக்குள்ள யார் வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எங்க காவல் ஆள் விசில் ஊதலைன்னா அந்த ஓடைக்கரைக்கு ஆடு வந்திருக்கும், ஆட்டுக்குப் பின்னாடி ஐயா வந்திருப்பார்.

அதனால நாங்க வெச்ச விதிகளைச் சொல்லிடறேன், யாராவது செய்யணும்னா உதவும்.

பட்டா நிலம், நிலத்துக்காரர் அனுமதி. ஊர்ல முன்கூட்டியே சொல்லிடணும். கரட்டுக்கு வர்ற ஒத்தையடிப் பாதை ஒவ்வொண்ணுலயும் சிவப்புத் துணி கட்டணும். காவலுக்கு ஒரு ஆள் எப்பவும் வெளிய, அவர் அந்தச் சுத்துல அம்பு விடக் கூடாது. ஒவ்வொரு இலக்குக்குப் பின்னாடியும் மண். கூர் முனை வேண்டாம், பயிற்சிக்கான மழுங்கின முனை போதும். ஒருத்தர் அம்பு எடுக்கப் போனா மத்தவங்க வில் தரையில இருக்கணும். உயிருள்ள எதையும் குறி பார்க்கக் கூடாது, சும்மா விளையாட்டுக்குக்கூட.

நாங்க இன்னொரு விதியும் சேர்த்தோம், ஏழாவது இலக்குக்கு அப்புறம். தூரத்தை நோட்டுல எழுதாதவங்க அந்த இலக்குல விடக் கூடாது. எவ்வளவுன்னு தெரியலைன்னா வில்லைத் தூக்காம நகர்ந்துடணும். எட்டாவதுல இருந்து ரெண்டு பேர் ரெண்டு மூணு இலக்கை அப்படி விட்டுட்டாங்க. மார்க் குறைஞ்சது. ஆனா கடைசி அஞ்சு இலக்குல மண்ணுல போன அம்பு முதல் ஏழுல போனதைவிடக் கம்மி. தொலைஞ்சது மொத்தமே ரெண்டு அம்பு, ரோஸ் கலர் இறகுக்கு நன்றி.

நீங்க செய்யக் கூடியது

ரெண்டு விஷயம் கேட்டுக்கறேன்.

ஒண்ணு, இதுக்கு வில் வேண்டாம். நாளைக்கு எங்கயாவது நடக்கும்போது, தூரத்துல இருக்கிற ஒரு மரத்தையோ லைட்டுக் கம்பத்தையோ பார்த்து எத்தனை தப்படின்னு மனசுல சொல்லிக்குங்க. அப்புறம் நடந்து எண்ணுங்க. நடுவுல பள்ளம் இருக்கிற இடமா, நிழல்ல இருக்கிற பொருளா எடுத்துப் பாருங்க. ஒரு வாரத்துல உங்க கண் எந்தப் பக்கம் தப்புப் பண்ணுதுன்னு தெரிஞ்சிடும். கமெண்ட்ல சொல்லுங்க.

இன்னொண்ணு. உங்க ஊர்ல ஏரிக்கரையில, வயக்காட்டுல, புளியமரத்தடியில வில்லு பிடிச்ச ஆள் இருக்கிற கல் ஏதாவது நின்னா, போய்ப் பாருங்க. கும்பிடுற கல்லா இருந்தா ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க. போட்டோ எடுங்க, எந்த இடம்னு குறிச்சு வைங்க. எழுத்து இருக்கிற மாதிரி தெரிஞ்சா சுரண்ட வேண்டாம், ஆசிட் ஊத்திக் கழுவ வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். தாலுகா ஆபீஸ்லயோ மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துலயோ தெரியப்படுத்துங்க. ரோடு போடும்போதும் வயலைச் சமன் பண்ணும்போதும் ஜேசிபிக்கு அது வெறும் பாறாங்கல்தான். யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தா, டிரைவர் ஒரு நிமிஷம் நிறுத்துவார்.

அந்தக் கல்லுல ஆளோட ரெண்டு கையையும் பாருங்க. எந்தக் கையில என்ன இருக்குன்னு எழுதி அனுப்புங்க. பக்கத்துல மாடு செதுக்கியிருக்கா, நாய் இருக்கா, அதையும் சேர்த்து எழுதுங்க. வர்றதையெல்லாம் தொகுத்து இன்னொரு எபிசோடுல பேசலாம்.

இன்னைக்கு இவ்வளவுதான்.